ஆபீசரின் கண்ணாடிக் கூடு

காஞ்சிபுரம்
4-2-1968

அன்புள்ள தங்கை லில்லிக்கு, அண்ணன் தாவீது எழுதிக்கொள்வது. ஆண்டவர் கிருபையால் நான் சுகம். போன மாதம் உனக்கு வந்த இருமல் நின்றதா? ஹாஸ்டல் சாப்பாடு ஒத்துக்கொள்கிறதா? பல்லாவரத்துத் தண்ணீரைக் காய்ச்சிக் குடி.

வாலாஜாபாத்துக்குப் போய் அப்பாவைப் பார்த்தேன். நன்றாக இருக்கிறார். அம்மா போனபிறகு தானே சமைத்துச் சாப்பிடுகிறார், குழம்பு நம்மால் வாயில் வைக்க முடியாது. ஸ்டேஷன் வாசலில் வழக்கம்போல் அவருடைய இடத்தில் உட்கார்ந்து செருப்பு தைத்துக்கொண்டிருக்கிறார்.

நீ தோல் பொருள் செய்யும் பயிற்சியில் இருப்பதால் ஒன்று கேட்கிறேன். மூக்குக் கண்ணாடி வைக்கிற கூடு ஒன்று தைக்கவேண்டும். முதன்முதலில் செய்கிற ஒருவன் எதை முதலில் செய்யவேண்டும், எதை அப்புறம் செய்யவேண்டும் என்று வரிசையாக எழுது. ஒரே வீட்டில் பிறந்தும் எனக்கு இதில் ஒன்றும் தெரியாது. அப்பா என்னைக் குத்தூசியைத் தொடவே விட்டதில்லை என்பது உனக்குத் தெரியுமே. காரணம் ஒன்றும் பெரிதாக இல்லை. ஒரு ஆசை, அவ்வளவுதான்.

அப்பாவிடம் இதைச் சொல்லவேண்டாம். கார்டில் எழுதவும் வேண்டாம், மடித்து ஒட்டுகிற இன்லண்டில் எழுது. வீட்டுக்காரர் வீரபத்திரன் நல்ல மனிதர், ஆனால் குடியிருப்பவர்களின் கார்டை ஒரு தடவை படித்துவிட்டுத்தான் கொடுப்பார். நெசவு வீடு. தறி இருக்கிற வீட்டுக்குள் செருப்பே வரக்கூடாது என்பார்கள். அப்பா ரயில்வே ஸ்டேஷனில் இருக்கிறார் என்று சொல்லி வைத்திருக்கிறேன். அது பொய்யும் இல்லை.

உன் நலம் விரும்பும்,
தாவீது


பல்லாவரம்
9-2-1968

அன்பு அண்ணாவுக்கு லில்லி வணக்கம் சொல்லி எழுதுவது. இருமல் போய்விட்டது. சாப்பாட்டைப் பற்றி எழுதினால் இந்தத் தாள் போதாது.

உன் கடிதத்தை இரண்டு தரம் படித்தேன். பேனாவில் மை கசிந்தாலே ஊரைக் கூட்டுகிற என் அண்ணன் தோல் தைக்கப் போகிறாரா? சந்தோஷமாக இருக்கிறது. தோல் துண்டுகள் பார்சலில் வருகின்றன, மூன்று கூட்டுக்கு ஆகும். குத்தூசி, இரண்டு ஊசி, கொஞ்சம் சாயம், மூன்று பிரஸ் பட்டன் வைத்திருக்கிறேன். மெழுகு நூல் மட்டும் எங்களுக்கே கிடைக்கவில்லை, அங்கே வாங்கிக்கொள்.

வரிசையைக் கேட்டுக்கொள். டீச்சரம்மா எங்களை இதைத் தினமும் ஒப்பிக்க வைக்கிறார். முதலில் காகிதம். கண்ணாடியை அதன்மேல் வைத்துக் கோடு போட்டு, சுற்றிலும் அரை அங்குலம் கூடுதலாக விட்டு வெட்டு. காகிதத்தையே மடித்துக் கண்ணாடியை உள்ளே விட்டுப் பார். சரியாக இருந்தால்தான் தோலைத் தொடலாம். பிறகு தோலின் உள்பக்கம் குறித்து ஒரே இழுப்பில் வெட்டவேண்டும். அடுத்தது துளை, ஓரம் முழுக்க சம இடைவெளியில். துளை போட்டபிறகு சாயம். சாயம் காய்ந்ததும் பட்டனை வைத்துச் சுத்தியால் அடி. அப்புறம் மடிக்கும் இடத்தை ஈரத்துணியால் நனைத்து மடி. அதற்குப் பிறகுதான் தையல். கடைசியாக ஓரத்தைத் தேய்த்து மெழுகு போடு. ஒன்றை முன்னே பின்னே மாற்றினாலும் போச்சு.

ஒரு சந்தேகம். நீ கண்ணாடியே போடுவதில்லையே, கூடு யாருக்கு?

அன்புத் தங்கை,
லில்லி


காஞ்சிபுரம்
26-2-1968

அன்புள்ள லில்லிக்கு, தாவீது எழுதுவது. நான் சுகம், உன் சுகத்துக்கு எழுது. பார்சல் பத்திரமாக வந்து சேர்ந்தது. வீரபத்திரன் என்ன என்று கேட்டார். புத்தகம் என்றேன்.

கூடு எங்கள் ஆபீசர் நமச்சிவாயம் சாருக்கு. அவருக்குப் புதிதாகக் கண்ணாடி வந்திருக்கிறது. என்னுடைய தகுதிகாண் காலம் ஜூனோடு முடிகிறது. என்னை நிரந்தரம் செய்கிற காகிதத்தில் அவர்தான் கையெழுத்துப் போடவேண்டும். அவருக்கு ஒன்று செய்து கொடுத்தால் நன்றாக இருக்குமே என்று நானாகத்தான் நினைத்தேன்.

வீட்டில் வைத்துத் தைக்க முடியாது. ஞாயிற்றுக்கிழமை கோயில் ஆராதனை முடிந்ததும் பையை எடுத்துக்கொண்டு செவிலிமேட்டுக்குப் போய்விடுகிறேன். பாலாற்றில் இப்போது தண்ணீர் இல்லை, மணலில் ஊற்றுத் தோண்டினால் தோல் நனைக்க வருகிறது. கரையோரம் கோரை மறைவில் உட்கார்ந்துகொள்கிறேன்.

முதல் கூடு வீணாகிவிட்டது. மெழுகு நூல் கேட்டுக் கடைக்குப் போக ஒரு மாதிரியாக இருந்தது. இந்த ஊரில் நூலுக்கா பஞ்சம் என்று வீட்டுக்கார அம்மா அலமுவிடம் தறியில் குறுக்கே ஓட்டி மிஞ்சிய ஊடைப் பட்டுநூல் கொஞ்சம் கேட்டு வாங்கினேன். கோப்பு கட்ட என்று சொன்னேன். நல்ல மஞ்சள். பத்துத் துளை தாண்டுவதற்குள் பஞ்சு பஞ்சாகப் பிரிந்துவிட்டது. எப்படியோ முடிபோட்டுத் தைத்து முடித்தேன். சாயத்தைத் தைத்தபிறகு போட்டேன், மஞ்சள் நூல் திட்டுத்திட்டாகக் கருத்துவிட்டது. சாயம் விரலில் ஒட்டினால் ஆபீசில் கேட்பார்கள் என்று அதைக் கடைசிக்குத் தள்ளி வைத்திருந்தேன்.

அன்புடன்,
தாவீது


பல்லாவரம்
3-3-1968

அன்பு அண்ணாவுக்கு, லில்லி. நான் நலம், நீ நலமா?

நீ பட்டுநூலில் தோல் தைத்ததை இங்கே சொன்னேன், விழுந்து விழுந்து சிரித்தார்கள். காஞ்சிபுரத்துக்காரரைத் தவிர வேறு யாருக்கு இந்த யோசனை வரும் என்றார் டீச்சரம்மா. ஊடைப் பட்டுக்கு முறுக்கு போதாது, துளையின் விளிம்பு அதை அறுத்துவிடும். கடையில் போய் மெழுகு நூல் என்று வாய்விட்டுக் கேள். யாரும் உன்னைப் பிடித்துச் சிறையில் போடமாட்டார்கள். சாயம் போட்டபிறகுதானே உன் தெருவிலேயே நெய்கிறார்கள், அதைப் பார்த்தாவது புத்தி வரவேண்டாமா?

இன்னொன்று. பட்டனைத் தையலுக்கு முன்னால் அடி. பக்கம் மூடிவிட்டால் அடியைத் தாங்குகிற கட்டையை உள்ளே வைக்க இடம் இருக்காது.

அண்ணா, குத்தூசியில் எந்த முனையைப் பிடிப்பது என்று தெரியாதவன் நீ. நீயாகத்தான் நினைத்தாயா? அவர் கேட்டாரா? எப்படிக் கேட்டார்?

அன்புத் தங்கை,
லில்லி


காஞ்சிபுரம்
25-3-1968

அன்புள்ள லில்லிக்கு, தாவீது. சுகம்தான். பதில் தாமதமாகிவிட்டது, கோபித்துக்கொள்ளாதே.

இரண்டாவது கூடும் போய்விட்டது. சாயம் வரைக்கும் வரிசையாகத்தான் செய்தேன். பட்டன் அடிக்கவேண்டிய நேரத்தில் துணி துவைக்கிறவர்கள் நாலு பேர் பக்கத்தில் வந்துவிட்டார்கள். சுத்திச் சத்தம் கேட்டால் திரும்பிப் பார்ப்பார்களே என்று அவர்கள் போகட்டும் என்று தையலை ஆரம்பித்தேன். அவர்கள் சாயங்காலம் வரை போகவில்லை. நான் இரண்டு பக்கமும் தைத்து முடித்துவிட்டேன். அப்புறம் பட்டனை வைத்து அடித்தேன், தோல் கிழிந்தது.

நீ கேட்டதற்குப் பதில் எழுதுகிறேன். ஜனவரியில் ஒரு நாள் அவர் என் சர்வீஸ் ரிஜிஸ்டரை எடுத்துப் புரட்டிக்கொண்டிருந்தார். தகப்பனார் தொழில் என்ற இடத்தில் இருந்ததைச் சத்தமாகப் படித்தார். பிறகு, "அடடே, கைத்தொழில் வீட்டுலயே இருக்குதே. எனக்கு ஒரு கண்ணாடிக் கூடு தைச்சுக்கினு வாப்பா" என்றார். திட்டவில்லை, லில்லி. அன்பாகத்தான் கேட்டார். அதனால் எனக்குக் கோபப்படக்கூட வழியில்லாமல் போய்விட்டது. பதினொரு பேர் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்கள். நான் "சரி சார்" என்றேன்.

தெரியாது என்று சொல்ல வாய் வரவில்லை. தெரியும் என்று நினைத்தார்களே என்றும் வெட்கம், உண்மையில் தெரியாதே என்றும் வெட்கம். இரண்டில் எது பெரிது என்று எனக்கே தெரியவில்லை. எட்டு வயதில் அப்பாவின் குத்தூசியை எடுத்துக் குத்திப் பார்த்தேன் என்று அவர் அடித்த அடி நினைவிருக்கிறதா? அவர் என்னை அடித்தது அந்த ஒரு முறைதான். "நீ பேனா புடிக்கிறவன்டா" என்றார்.

ஆபீசர் தினமும் "ஆச்சா?" என்கிறார். தோல் இன்னும் ஒரு கூட்டுக்குத்தான் இருக்கிறது.

தாவீது


பல்லாவரம்
29-3-1968

அண்ணாவுக்கு, லில்லி. உடம்பைப் பார்த்துக்கொள். கூட்டைப் பற்றி இனி எழுதாதே.

நீ வரிசையை மறந்து தப்பு செய்யவில்லை. சாயம் தெரியக்கூடாது என்று ஒன்று, சத்தம் கேட்கக்கூடாது என்று ஒன்று. ஒளிந்துகொண்டு தைத்தால் உலகத்தில் எவன் தைத்தாலும் இப்படித்தான் வரும்.

நான் ஒரு மணி நேரத்தில் தைத்து அனுப்பிவிடுவேன். அனுப்பமாட்டேன். எனக்கு இந்த வேலையில் ஒரு வெட்கமும் இல்லை, நாளைக்கு இதை வைத்துத்தான் சாப்பிடப் போகிறேன். ஆனால் அந்த ஆள் ரிஜிஸ்டரைப் படித்துவிட்டுக் கேட்டதற்கு நான் தைக்கமாட்டேன். "எனக்குத் தெரியாது சார்" என்று நாளைக்குப் போய்ச் சொல். மூன்று வார்த்தை.

லில்லி


காஞ்சிபுரம்
19-4-1968

அன்புள்ள லில்லிக்கு, அண்ணன் ஆசீர்வாதம். நான் சுகம். ஈஸ்டர் ஆராதனை நல்லபடியாக நடந்தது. உனக்கு லீவு கிடைக்காதது வருத்தம். வெயில் தாங்கவில்லை.

கூட்டு விஷயம் நல்லபடியாக முடிந்தது. ஆபீசருக்கு ரொம்ப சந்தோஷம். மற்றபடி விசேஷம் ஒன்றும் இல்லை.

தாவீது


பல்லாவரம்
23-4-1968

அன்பு அண்ணாவுக்கு, லில்லி. நான் சுகம். அப்பாவும் சுகம், சனிக்கிழமை வாலாஜாபாத் போய் வந்தேன்.

கூடு முடிந்தது என்று எழுதியிருந்தாய். எப்படி முடிந்தது என்று எழுதவில்லை. எழுதாவிட்டால் பரவாயில்லை, எனக்குத் தெரிந்துவிட்டது. ஈஸ்டருக்கு முந்தின வாரம், குருத்தோலை ஞாயிறு அன்று மத்தியானம் நீ கடைசித் தோல் துண்டை எடுத்துக்கொண்டு போய் ஆபீசருக்கு என்றாய், அப்பா ஒரு கேள்வியும் கேட்காமல் வாங்கி அரை மணியில் தைத்துக் கொடுத்தார். இதை அவரே சொன்னார். என்னிடம் மட்டுமா? டீக்கடையில் சொல்லியிருக்கிறார், ஸ்டேஷன் மாஸ்டரிடம் சொல்லியிருக்கிறார். "எங்க பெரியவனோட ஆபீசருக்கு நான்தான் ஒண்ணு தைச்சுக் குடுத்தேன்" என்கிறார். அவர் முகத்தை நீ பார்த்திருக்கவேண்டும்.

நான் திட்டப் போவதில்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்கிறேன். கூட்டைக் கொடுக்கும்போது யார் தைத்தது என்று சொன்னாய்?

லில்லி


(தபால் கார்டு)
பல்லாவரம்
18-5-1968

அன்பு அண்ணாவுக்கு, லில்லி. நான் சுகம். என் கடிதத்துக்குப் பதில் இல்லாமல் மூன்று வாரத்துக்கு மேல் ஆகிறது. கேட்ட கேள்வியை இந்தக் கார்டில் எழுதவில்லை, பயப்படாதே. வீரபத்திரன் ஐயாவுக்கும் என் வணக்கத்தைச் சொல்லவும்.

லில்லி


காஞ்சிபுரம்
16-6-1968

அன்புள்ள லில்லிக்கு, தாவீது. உடம்புக்கு ஒன்றும் இல்லை. உன் கடிதம் சட்டைப் பையிலேயே இருந்தது. கார்டை வீரபத்திரன் சிரித்துக்கொண்டே கொடுத்தார்.

நான்தான் தைத்தேன் என்று சொன்னேன்.

அவர் கூட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பட்டனைப் போட்டார், எடுத்தார். "கடையில வாங்கினாகூட இப்படி வராதுப்பா" என்றார். பிறகு எல்லாரையும் பார்த்து, ரத்தத்தில் இருப்பது எங்கே போகும் என்றார். அப்பாவின் பெயர் என் நாக்குவரை வந்தது. ஆனால் அதைச் சொன்னால், எங்கே உட்கார்ந்து தைக்கிறார் என்றும் சொல்லவேண்டி வரும். விழுங்கிவிட்டேன்.

அதோடு முடியவில்லை. ஒரு வாரம் கழித்து பியூன் கலியன் ஒரு துணிப்பையை என் மேஜைக்கடியில் வைத்தார். ஹெட்கிளார்க்கின் செருப்பு, வார் அறுந்திருந்தது. அடுத்த வாரம் இரண்டு ஜோடி. அப்புறம் ஆபீசர் வீட்டு அம்மாவின் கைப்பை. எல்லாவற்றையும் வாங்கி வைத்துக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமை ஆனால் பையை எடுத்துக்கொண்டு வாலாஜாபாத்துக்கு பஸ் ஏறுகிறேன். சிநேகிதர்களுடையது என்று அப்பாவிடம் சொல்கிறேன். அவர் எதிரில் உட்கார்ந்து, அவர் தைக்கத் தைக்கப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, திங்கட்கிழமை கொண்டுபோய்க் கொடுக்கிறேன். ஆபீசில் என்னைக் கெட்டிக்காரன் என்கிறார்கள். எதிர் மேஜைக்காரர் இப்போது என் தண்ணீர்ப் பானையிலிருந்து எடுத்துக் குடிப்பதில்லை.

என்னுடைய காகிதம் ஆபீசர் மேஜைக்குப் போய்விட்டது. இந்த மாதக் கடைசியில் கையெழுத்தாகும் என்கிறார்கள். அதுவரைக்கும் பொறுத்துக்கொள்ளலாம் என்று இருக்கிறேன். கையெழுத்தானபிறகு மட்டும் எனக்கு வாய் எங்கிருந்து வரும் என்றும் தோன்றுகிறது. லில்லி, எனக்கு என்னைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

தாவீது


பல்லாவரம்
20-6-1968

அண்ணாவுக்கு, லில்லி. சுகம்.

இதைப் படித்துவிட்டு அழுதேன். உன்மேல் கோபமும் வருகிறது, உன் தண்ணீர்ப் பானையை நினைத்தால் வேறு மாதிரியும் வருகிறது.

அப்பாவிடம் நான் சொல்லமாட்டேன். ஆபீசிலும் வந்து நிற்கமாட்டேன். இரண்டு இடத்திலும் நீதான் சொல்லவேண்டும். கையெழுத்துக்குப் பிறகு சொல்வது என்றால் சொல்லவே வேண்டாம். எனக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருக்கவும் வேண்டாம்.

லில்லி


காஞ்சிபுரம்
8-7-1968

அன்புள்ள தங்கை லில்லிக்கு, அண்ணன் தாவீது எழுதிக்கொள்வது. நான் சுகமாக இருக்கிறேன். நேற்றுப் பார்த்தவரைக்கும் அப்பாவும் சுகம். உன் பரீட்சை நல்லபடியாக முடிய ஜெபித்துக்கொள்கிறேன்.

வெள்ளிக்கிழமை கலியன் மறுபடியும் ஒரு பையைக் கொண்டுவந்தார். மேஜைக்கடியில் வைக்கக் குனிந்தபோது வேண்டாம் என்று கையில் வாங்கிக்கொண்டேன். நேராக ஆபீசர் மேஜைக்குப் போனேன். என் காகிதம் அங்கே கோப்புகளுக்கு நடுவில் இருந்தது, என் பெயர் தெரிந்தது. எழுதி மனப்பாடம் செய்து வைத்திருந்ததெல்லாம் மறந்துபோய், வீட்டில் பேசுகிற மாதிரியே வந்துவிட்டது.

"சார், எனக்குத் தோல் வேலை தெரியாது. இதையெல்லாம் தைச்சது எங்கப்பா. வாலாஜாபாத் ஸ்டேஷன் வாசல்ல உக்காந்துக்கினு இருப்பாரு, பேரு பரசுராமன். வேலை ஆவணும்னா அவருகிட்ட போய்க் குடுங்க. நான் இங்க எழுதறதுக்கு வந்தவன்."

பையை மேஜைமேல் வைக்கவில்லை, கீழே வைத்தேன். ஆபீசர் கண்ணாடியைக் கழற்றி அந்தக் கூட்டில் வைத்துப் பட்டனை மூடினார். அப்புறம் "போய் உன் வேலையைப் பாரு" என்றார். கோபமா, வேறென்னவா என்று தெரியவில்லை. காகிதம் இன்னும் கையெழுத்தாகவில்லை. ஆகாமலும் போகலாம். ஆறு மாதம் தள்ளிவைப்பார்கள் என்று ஹெட்கிளார்க் சொல்லித் திரிகிறார். அந்தப் பையில் இருந்த அவருடைய செருப்பை அவரே எடுத்துக்கொண்டு போனார்.

நேற்று வெறுங்கையோடு வாலாஜாபாத் போனேன். அப்பா என் கையைப் பார்த்தார், பை எங்கே என்று கேட்கவில்லை. அவர் எதிரில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். ரிஜிஸ்டரைப் படித்தது, சரி சார் என்றது, நான் தைத்தேன் என்று பொய் சொன்னது, சிநேகிதர்கள் என்று ஏமாற்றியது எல்லாம். அவர் வேலையை நிறுத்தவில்லை. ரயில் ஒன்று வந்து போயிற்று. இரண்டு பேர் செருப்பு வாங்கிக்கொண்டு போனார்கள். நான் அழுதேன், எல்லாரும் பார்த்தார்கள், பார்க்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

சிநேகிதர்களுடைய செருப்பு இல்லை என்பது அவருக்கு முன்பே தெரியுமாம். எந்தச் சிநேகிதன் வீட்டு அம்மா கைப்பை கொடுத்தனுப்புவாள் என்றார். என் கையில் குத்தூசி வந்துவிடக்கூடாதே என்றுதான் கேட்காமல் வாங்கித் தைத்தாராம். டீக்கடைப் பையனைக் கூப்பிட்டு எனக்கு டீ கொண்டுவரச் சொன்னார். நான் குடித்து முடித்து டம்ளரைக் கீழே வைத்தபிறகு, தலையைத் தூக்காமல் ஒன்று கேட்டார்.

"அந்தக் கூடு நல்லா இருக்குதுன்னு சொன்னாராப்பா?"

லில்லி, குருத்தோலை ஞாயிறிலிருந்து நேற்றுவரை மூன்று மாதம். ஏப்ரல் கடைசியிலிருந்து வாரம் தவறாமல் அவர் எதிரில் போய் உட்கார்ந்திருக்கிறேன். அவருக்குச் சேரவேண்டிய அந்த ஒரு பேச்சை என்னிடமே வைத்துக்கொண்டிருந்தேன்.

சொன்னாருப்பா என்றேன். கடையில் வாங்கினால்கூட இப்படி வராது என்று சொன்னார் என்றேன். எல்லார் முன்னாலும் சொன்னாரா என்று கேட்டார். எல்லார் முன்னாலும்தான் என்றேன். அப்பா தலையை ஆட்டிவிட்டு அடுத்த செருப்பை எடுத்தார்.

உன் பதிலை எதிர்பார்க்கும்,
தாவீது